இருபத்திரண்டு சொடுக்கு

ஹர்டாங்கர் மேட்டில் மரமில்லை.
தூரத்தைச் சொல்ல
ஒரு வேலிக்கம்பம்கூடக் கிடையாது.
கல், பாசி, நீர், மறுபடி கல்.
நூறு மீட்டரில் கிடக்கும் பாறையும்
நானூறில் கிடக்கும் பாறையும்
ஒரே சாயலில் உட்கார்ந்திருக்கும்.

அதனால்தான் தொலைநோக்கியின் உச்சியில்
இந்தக் குமிழ்.
ஒரு சொடுக்கு
நூறில் ஒரு சென்டிமீட்டர்,
நானூறில் நாலு.
குழலை விட்ட கணத்திலிருந்தே
தோட்டா விழுந்துகொண்டுதான் போகிறது.
விழப்போவதைக் கணக்கிட்டு
முன்கூட்டியே கொஞ்சம் தூக்கி வைக்கிறோம், அவ்வளவே.

என் துப்பாக்கிக்கு நூறில் பூஜ்யம்.
இருநூறுக்கு ஐந்து, முந்நூறுக்குப் பன்னிரண்டு.
அடிக்கட்டையில் ஒட்டிய தாளில்
பென்சிலால் எழுதியிருக்கிறேன்.
நானூறுக்கும் ஒரு வரி உண்டு, இருபத்திரண்டு என்று,
தாளில் இடம் மிச்சமிருந்ததால்.
அவ்வளவு தூரம் நான் சுட்டதில்லை.

நேற்று எனக்கு முழங்கால் வீக்கம்.
கணவரின் தம்பி கௌதே கேட்டான், கொடுத்தேன்.
இருட்டிய பின் வந்தவன்
காலணியைக் கழற்றாமலே சொன்னான்:
"ஒரு பெட்டை. நூற்றைம்பது இருக்கும்.
காற்று சட்டென்று திரும்பிவிட்டது.
பின்னங்காலில் பட்டிருக்கலாம்."
அந்த 'லாம்' மட்டும்
காப்பிக் கோப்பைக்குள் போய்விட்டது.

கோடைத் தேர்வில் இவன்
அட்டைமானின் நெஞ்சில் ஐந்துக்கு ஐந்து வைத்தவன்.
அட்டைமான் நொண்டிக்கொண்டு போவதில்லை.

விடியலில் துஸ்ஸா முகர்ந்துகொண்டு முன்னே போனாள்.
பாசிமேல் ஒரு துளி,
பிறகு அரை மைலுக்கு ஒன்றுமில்லை,
பிறகு ஓடைக்கல்லில் பழுப்பாய் ஒரு விரல் அகலம்.
இரண்டு இடத்தில் படுத்து எழுந்திருந்தது.
இரண்டாவது இடம் இன்னும் சூடாக இருந்தது.
கௌதே வாசம் பிடித்த நாயைத் திட்டினான்,
மெதுவாக நடக்கிறாள் என்று.

பகல் பதினொன்றுக்குக் கண்டோம்.
சரிவுக்கு அப்பால் மூன்று காலில் நின்றது பனிமான்,
நாலாவதை மண்ணில் ஊன்றாமல்
யாருக்கோ தர வைத்திருப்பதுபோலப் பிடித்துக்கொண்டு.
தூரமானி நூற்றெண்பது காட்டியது.
நாலு சொடுக்குப் போதும்.

படுத்தேன். பையின்மேல் குழலைச் சாய்த்தேன்.
பக்கத்துத் திருகைச் சுழற்றி,
கண்ணை இப்படி அப்படி அசைத்தாலும்
குறுக்குக்கோடு மானைவிட்டு நழுவாத இடத்தில் நிறுத்தினேன்.
பிறகு மேல்குமிழின் மூடியைத் திறந்தேன்.

அது இருபத்திரண்டில் நின்றது.

காற்று அடங்கியிருந்தது, சனியன்,
அந்த நேரம் பார்த்து.
கௌதே என் இடதுகைப் பக்கம்,
ஒரு முழம் தள்ளிப் படுத்திருந்தான்.
திருப்பினேன்.

டிக்.
வேகமாகச் சுழற்றினால் ஒரே கரகரப்பாய்ப் போய்விடும்.
எனக்கு வேகமாகத் திருப்ப வரவில்லை.
டிக்.
மூன்று. நாலு. மான் தலையைத் திருப்பிப் புண்ணை நக்கியது.
ஒன்பதில் அவன் மூச்சு நின்றது.
பத்துக்கு மேல்
அவனும் எண்ணுகிறான் என்று தெரிந்தது.
எண்ணத் தெரிந்தவன்தானே.
பதினேழு.
பதினெட்டு.

முகத்தை ஏரிப்பக்கம் திருப்பிக்கொண்டான்.
நான் சுட்டேன்.
அது தன் எடையை அப்படியே கீழே வைத்தது.

குடல் எடுத்தது, தோல் உரித்தது எல்லாம் அவன்தான்.
நான் கேட்காமலேயே பெரிய சுமையைத் தூக்கிக்கொண்டான்.
ஆறு கிலோமீட்டர்
முழங்காலைப் பற்றி இருமுறை விசாரித்தான்.
"பரவாயில்லை" என்றேன், இருமுறையும்.

இரவு மலைக்குடிலில்
அடுப்பருகே அவன் ஈரல் அரிந்துகொண்டிருந்தான்.
நான் கட்டிலில் உட்கார்ந்து
குழலுக்குள் எண்ணெய்த் துணி விட்டேன்,
கண்ணாடியைத் துடைத்தேன்,
கடைசியாகக் குமிழைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தேன்.

நாலே நாலு சொடுக்கு.
முதல் சத்தத்தில் பலகைமேல் கத்தி நின்றது.
நாலாவதற்குப் பிறகும்
கொஞ்ச நேரம் நின்றே இருந்தது.

"வெங்காயம் போடலாமா?" என்றான்.